கேட் வரைக்கும்

பிள்ளைகளா, காருக்குப் போகும்போதெல்லாம் தாத்தா ஏன் ஒன்றும் சொல்லாமல் இடது பக்க சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார், சாவி ஏன் எப்போதும் பாட்டியிடம் இருக்கிறது என்று போன வாரம் என்னைக் கேட்டீர்கள். அப்போது எனக்கு வேலை இருந்தது, பதில் சொல்லவில்லை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நியூசிலாந்தில், ஆக்லாந்தில் ரக்பி உலகக் கோப்பை நடப்பதற்கு முந்தின வருஷம். எனக்குப் பதினொரு வயது. மலேசியாவிலிருந்து வந்து ஒடாஹுஹுவில் வாடகைக்கு இருந்தோம். அப்பா நடந்துபோகிற தூரத்தில் ஒரு பேக்டரியில் வேலை செய்தார். கார் பகல் முழுக்க வீட்டு வாசலில்தான் நிற்கும். அம்மா இரண்டு தடவை டெஸ்ட் கொடுத்து லைசன்ஸ் வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. ஆனால் சாவியைக் கேட்கும்போதெல்லாம் அப்பா வானத்தைப் பார்ப்பார். மழை வரும் போலிருக்கும். மழை இல்லாவிட்டால் மோட்டர்வேயில் லாரி ஓடும்.

அந்த செப்டம்பரில் அம்மாவுக்கு ஒரு வேலை வந்தது. வெஸ்ட்கேட்டில் ஒரு குழந்தைகள் பள்ளியில் சமையல். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது. ஒத்துக்கொள்வதா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அப்பா வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லவில்லை. அதற்குப் பதில் எங்களை மலைக்குக் கூட்டிப்போனார்.

காய்மாய் மலையடிவாரத்தில், ஆட்டுப் பண்ணை ஒன்றின் ஓரத்தில் ஒரு மரவீடு. குளிர்காலம் முடிந்து வசந்தம் சரியாகத் தொடங்காத நாட்கள். மலை ஏறுகிறவர்கள் டிசம்பரில்தான் வருவார்களாம். பண்ணைக்காரம்மா எங்களைப் பார்த்து, சேறு பிடிக்குமா என்று கேட்டுச் சிரித்தார். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: இருட்டுவதற்குள் ரோட்டோரக் கேட்டை அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆடுகள் வெளியே போய்விடும்.

அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எங்களைத் தவிர யாருமில்லை. மலையில் பாதியை மேகம் மூடியிருக்கும். கொஞ்சம் விலகினால், மழை பெய்து எங்கிருந்தோ நாலு புது அருவி விழுந்துகொண்டிருக்கும். கோவை என்று இந்த ஊரில் சொல்கிற மரத்தில் மஞ்சள் பூ. பிறந்து இரண்டு நாள் ஆன ஆட்டுக்குட்டிகள் காலெல்லாம் சேறாக நின்றன. புரட்டாசி என்பதால் வீட்டில் கவிச்சி கிடையாது. கணப்பு முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சம்பலும் சோறும் சாப்பிட்டோம். அப்பா அம்மாவுக்கு அவரே மைலோ கலக்கிக் கொடுத்தார். அதற்கு முன் அவர் அடுப்படியில் நின்று நான் பார்த்ததில்லை.

“நல்ல காத்து, பாரு. வேலை வேலைன்னு ஓடுனா இதெல்லாம் கெடைக்குமா?” என்றார்.

“வேலைக்குப் போறது நீங்க மட்டும்தான். நீங்க ஓடாதீங்க,” என்றாள் அம்மா. அப்பா தன் கப்பில் இருந்த மைலோவை இன்னொரு தடவை கலக்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் அருவி பார்க்கக் கிளம்பினோம். வீட்டிலிருந்து இருபதடி போவதற்குள் கார் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அப்பா எவ்வளவு அமுக்கினாரோ அவ்வளவு ஆழமாகப் போனது. ஜன்னலுக்கு வெளியே சேறு மழை மாதிரி தெறித்தது. தங்கச்சி கைதட்டினாள். அவளுக்கு ஆறு வயது.

“என்னாங்க, நான் உக்காருறேன். நீங்க தள்ளுங்க,” என்றாள் அம்மா.

“உன்னால ஆவாது லா.”

“அப்ப நான் தள்ளுறேன். நீங்க உக்காருங்க.”

அப்பா இறங்கினார். அம்மா சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், அவசரமில்லாமல் பெல்ட் போட்டாள். அப்பா ஜன்னலுக்குள் குனிந்து ஏதோ சொன்னார். பிறகு நானும் அவரும் பின்னால் தோள் கொடுத்தோம். தங்கச்சியும் கை வைத்தாள். கார் முனகியது, ஆடியது, திடீரென்று எங்கள் கையை விட்டுப் போனது. நான் முகம் குப்புற விழுந்தேன்.

எழுந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது கார் போய்க்கொண்டே இருந்தது. நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தமும் நின்றது.

“ஷி லெஃப்ட் அஸ்!” என்று தங்கச்சி கத்தினாள்.

“நான்தான் சொன்னேன், நகந்துட்டா நிறுத்தாத, கேட் வரைக்கும் போயிருன்னு,” என்றார் அப்பா. அவர் மீசையிலும் சேறு.

கேட் வரை நடந்தோம். சேறு ஒட்டி ஒவ்வொரு காலும் கல்லாகக் கனத்தது. வளைவு தாண்டியதும் கேட் தெரிந்தது. கார் இல்லை. அப்பா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். வழியில் ஒரு மேடு வந்து கேட்டை மறைத்தது. அதில் ஏறி இறங்கிப் பார்த்தால், கேட்டுக்கு உள்ளே சரளைக்கல் கொட்டிய இடத்தில் கார் நிற்கிறது. அம்மா பக்கத்தில் நின்று, டிஷ்யூவால் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு நேரமா நிக்கிறேன். மெதுவா வாறீங்க!” என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. சிரிப்பை அடக்குகிற மாதிரி உதட்டைக் கடித்திருந்தாள்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். “எங்கள விட்டுட்டுப் போயிட்டியே!” என்றேன். அவள் சேற்றோடு என்னைக் கட்டிப்பிடித்து, “போயிட்டா வரமாட்டேனா?” என்றாள். அது பதிலாகவே எனக்குப் படவில்லை.

காரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்து, வெந்நீரில் குளித்து, கணப்பு முன்னால் சுருண்டோம். வெளிச்சம் குறையும்போதுதான் அப்பாவுக்குக் கேட் ஞாபகம் வந்தது. பண்ணைக்காரம்மா வாசலில் வைத்திருந்த கம்பூட்ஸை, முழங்கால் வரை வரும் பெரிய ரப்பர் பூட்ஸை, போட்டுக்கொண்டு போனார். கேட்டை அடைக்க இவ்வளவு நேரமா என்று அம்மா இரண்டு தடவை எட்டிப்பார்த்தாள்.

வந்தவர் கணப்பின் பக்கம் திரும்பிக் கையைச் சூடாக்கிக்கொண்டே சொன்னார்: “திங்கக்கெழம அந்த வேலைக்கு சரின்னு சொல்லிரு.”

அம்மா தோசைக்கரண்டியோடு நின்றாள். “என்னா திடீர்னு?”

“நல்லாத்தான் ஓட்டுற.”

“கேட் வரைக்கும்தானே ஓட்டுனேன்.”

“ஆமா,” என்றார் அப்பா. “கேட் வரைக்கும்தான்.”

மறுநாள் காலை எல்லோரும் தூங்கும்போது நான் எழுந்து தனியாகப் போனேன். அம்மா எங்களுக்காக வழியில் எங்கேயாவது நிறுத்தப் பார்த்தாளா என்று டயர் தடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். தடம் எங்கேயும் நிற்கவில்லை. கேட்டிலும் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி, தார் ரோட்டில் ஏறி, கட்டி கட்டியாகச் சேற்றை உதிர்த்துக்கொண்டே அடுத்த வளைவு வரை போயிருந்தது. அங்கே ஓரத்துப் புல்லை உழுது திரும்பி, அதே வழியில் உள்ளே வந்திருந்தது.

அம்மா பொய் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரிந்தால் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிவிடுவார். என் மனதில் அவ்வளவுதான் ஓடியது. அவள் எங்கே போனாள், எதற்குப் போனாள் என்று கேட்கத் தெரியவில்லை. அந்த டயர் தடத்தின் பக்கத்திலேயே, வளைவு வரை போய்த் திரும்பியிருந்த பெரிய கம்பூட்ஸ் தடத்தையும் பார்த்தேன். அது அப்பாவுடையது என்பதும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் புரியவில்லை.

வளைவிலிருந்து தொடங்கினேன். புல்லை மிதித்துச் சமன் செய்தேன். ரோட்டில் கிடந்த சேற்றுக் கட்டிகளை ஷூ முனையால் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் தள்ளினேன். டயர் தடத்தைத் தேய்த்தேன், பூட்ஸ் தடத்தையும் சேர்த்தே தேய்த்தேன், கேட் வரைக்கும்.