பேச்சி நிறுத்திய கதவு

மண்ணூரில் எங்கள் தொழிற்சாலை வண்டிகளுக்குப் பெட்டி கட்டித் தருகிறது. மொட்டையாக உள்ளே வரும் வண்டி, கூரையும் கதவுமாக வெளியே போகும். டிசைன் பிரிவில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடமாக நான் கதவு வரைகிறேன். கதவைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற திமிரும் இருந்தது. பேச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அந்தத் திமிரைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பேச்சிக்கு முப்பத்துநான்கு வயது, ஊர் சங்கரன்கோவில் பக்கம். கதவு லைனில் கடைசி ஆள். மாட்டி முடித்த கதவைத் திறந்து பார்ப்பது, மூடிப் பார்ப்பது, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவது, ஷிஃப்ட் முழுக்க இதுதான் வேலை. ஏழு வருடத்தில் எத்தனை லட்சம் தடவை திறந்து மூடியிருப்பார் என்று ஒருநாள் மனக்கணக்குப் போட்டு, தலை சுற்றிப்போய் விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கதவை லேசாக ஆட்டுவார். "கீழ்க் கீல்ல ஒரு வாஷர் கூடுதலா கெடக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் கிடக்கும். எனக்குப் புல்லரிக்கும், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன்.

அவருடைய கணவர் பெயர் மகாராஜா. தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் இடது கையின் மூன்று விரல்களைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருந்தவர். ஸ்ரீபெரும்புதூரில் தண்ணீர் கேன் போடும் கோபால் அவரை வேலைக்கு எடுக்கச் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. சந்துக்குள் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்க மாட்டார். கேன் தூக்குகிறவரே பின்கதவைத் திறந்து, நிறுத்தி, மூட வேண்டும். கோபாலின் புது வண்டிகளோ எங்களிடம்தான் பெட்டி கட்டுவதற்கு நின்றன. எங்கள் கதவைத் திறந்து நிறுத்த ஒரு கம்பி உண்டு. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கம்பியை வளையத்தில் மாட்ட வேண்டும். கழற்றும்போதும் அப்படியே. இரண்டு கையும் நன்றாக உள்ளவனுக்கே நாக்குத் தள்ளிவிடும்.

இதற்காகத்தான் பேச்சி முதல் தடவையாக டிசைன் அறைக்குள் வந்தார்.

"சார், அந்தக் கம்பி இல்லாம கதவு நிக்காதா? எங்க வீட்டுக்காரவுக நல்ல கையில கேன் இருக்கும். இன்னொரு கை இருந்தும் பிரயோசனம் இல்ல."

"நிக்கும்மா. இதுவரைக்கும் யாரும் கேக்கல, அதான் செய்யல."

"இப்ப நான் கேக்கேன்லா."

அன்றே வேலையை ஆரம்பித்தேன்.

அமுக்கினால் முனை வெளியே நிற்கும், மறுபடி அமுக்கினால் உள்ளே போகும் பேனா இருக்கிறதல்லவா, அந்த யோசனையைக் கதவில் வைத்தேன். கடைசிவரை திறந்தால் கதவு தானாக மாட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் ஒரு விரற்கடை தள்ளினால் விட்டுவிடும். ஸ்பிரிங் இழுத்து மூடிக்கொள்ளும். கையே வேண்டாம், இடுப்பால் ஒரு இடி போதும். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

சாலையோரம் வண்டி நிற்கும்போது கன்டெய்னர் லாரி போனால் அடிக்கிற காற்றையும் கதவு தாங்க வேண்டும். அதனால் பெயின்ட் ஷாப்பின் ராட்சத ஃபேனைக் கொண்டுவந்து வைத்து, கோபால், மகாராஜா முன்னால் சோதித்தோம். கதவு அசையவில்லை. மகாராஜா இடுப்பால் ஓங்கி இடித்தார், மூடிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"சோக்கா கீதுபா" என்றார் கோபால். "திங்கக்கெழமை வேலைக்கு வந்துடு."

மகாராஜா தலையைக் குனிந்துகொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன்.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பெயின்டில் கதவு உரசக் கூடாது என்று, பழைய கிளவுஸ் ஒன்றை மடித்துக் கீல் பக்கத்து இடுக்கில் செருகி வைப்பார்கள். வண்டி வெளியே போகும்போது எடுத்துவிடுவார்கள். எந்த டிராயிங்கிலும் அந்த கிளவுஸ் கிடையாது. அன்றும் சோதனை முடிந்ததும் கை தானாக இடுக்குக்குள் போக, பேச்சி கிளவுஸை உருவினார். அதோடு நேரே என்னிடம் வந்தார்.

"சார், இது நான் செருகுனது. இது உள்ள கெடந்ததாலதான் கதவு காத்துக்கு அசையல. இடுப்பால இடிச்சா துணி நசுங்கும், காத்துக்கு நசுங்காது. இப்ப ஒரு தடவ ஃபேனைப் போடுங்க."

சூப்பர்வைசர் டில்லிபாபு பதறினார். "இன்னா பேச்சி இது? நல்லா போய்க்கினு இருக்கும்போது ஏன் நோண்டுற?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த கிளவுஸை வாங்கி பாக்கெட்டில் போட்டுக்கொள்ளத்தான் எனக்கும் தோன்றியது. இத்தனைக்கும் உண்மை வெளியே வந்தால் வேலை போகப்போவது என் வீட்டில் இல்லை.

ஃபேனைப் போட்டோம். காற்று கதவை அந்த ஒரு விரற்கடை தள்ளியது, கதவு விடுபட்டுப் பாய்ந்து வந்து அறைந்தது. பெட்டியின் வாசலில் வைத்திருந்த காலிக் கேன் சப்பையாகிப் போனது. கேன் எடுக்கக் குனிந்தால் மகாராஜாவின் தலை இருக்கும் இடம் அது.

கோபால் பத்து நாள் தவணை கொடுத்தார். அதற்குமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"கிளவுஸ் இருந்த இடத்துல ரப்பர் வச்சுடலாம்மா" என்றேன்.

"வெயில்ல ரப்பர் என்ன கதியாகும்னு ஒங்களுக்குத் தெரியாதா சார்?"

தெரியும், காய்ந்து வெடித்துவிடும். பேச்சி கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். டீ பிரேக் முடிந்து மணி அடித்தும் விடவில்லை.

"சார், காத்து வந்தா கதவு முழுக்கத் தள்ளும். அவுக இடிக்கது ஒரே எடத்துலதான். காத்துக்கு இடுப்பு கிடையாதுல்லா?"

பன்னிரண்டு வருடம் படம் வரைந்தவனுக்கு வராதது, கதவைத் தொட்டுத் தொட்டே வாழ்ந்த ஒரு மனுஷிக்கு வந்துவிட்டது. முழுக்கத் திறந்த கதவு பூட்டிக்கொண்டு நிற்கும்படி செய்து, இடுப்பு உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு வைத்தேன். தகட்டை அமுக்கினால்தான் பூட்டு விடும். கதவை எவ்வளவு தள்ளினாலும் விடாது.

பத்தாவது நாள் கோபால் வந்தார். ஃபேனை முழு வேகத்தில் வைத்தோம். கதவு திறந்து நின்றது. கோபாலுக்கு நம்பிக்கை வரவில்லை. இடுக்கில் விரலை விட்டுத் துழாவினார்.

"இப்ப ஒண்ணும் செருகலியே?"

பேச்சி போய் வாசலில், போன தடவை கேன் சப்பையான அதே இடத்தில் தலையைக் குனிந்து நின்றார். "யம்மா, வெளிய வா!" என்று டில்லிபாபு கத்தினார். மகாராஜா ஓடினார். பேச்சி கையைக் காட்டி அவரைத் தடுத்துவிட்டார். காற்றில் முந்தானை படபடவென்று அடித்தது. ஒரு நிமிடத்துக்கு மேலேயே நின்றிருப்பார்.

கதவு அசையவில்லை. பேச்சி வெளியே வந்தார்.

"இப்ப மூடுங்க" என்றார்.

மகாராஜா தோளில் நிறைகேனோடு வந்து தகட்டை இடுப்பால் இடித்தார். கதவு அமைதியாக மூடிக்கொண்டது.

அந்தத் தகட்டின் அளவை வரைந்தவன் நான், கணக்குப் போட்டவன் நான், கையெழுத்துப் போட்டவனும் நான். அந்த வாசலில் தலையைக் கொடுத்து நின்றிருப்பேனா என்றால், சத்தியமாக நின்றிருக்க மாட்டேன்.