கடைசி அறைக்குப் போனவர்

அவருடைய மச்சினனுக்கு, மனைவியின் தம்பிக்கு, இளைப்பு நோய். குகையின் கடைசி அறையில் வவ்வால் எச்சம் அள்ளும் முறை அவனுக்கு வரும் நாளிலெல்லாம், அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முந்திக்கொள்வார். “வெளியே வெயில் மண்டையைப் பிளக்குது. நான் உள்ளேயே கிடக்கேன்” என்பார். அது தன் தம்பிக்காகத்தான் என்பது மனைவிக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

எச்சம் உரமாக விலைபோகும். உப்புப் பாறையை நக்க அந்தக் குகைக்குள் மான் வரும், முள்ளம்பன்றி வரும். கூரை கொள்ளாமல் வவ்வால்கள். கூட வேலை செய்தவர்கள் அவருக்கே ‘வவ்வால்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். வீடு வந்ததும் பின்பக்கக் குழாயடியில் குளித்து, உடுப்பைத் தானே அலசிப் போட்ட பிறகுதான் கைக்குழந்தையைத் தூக்குவார். நாற்றம் ஒட்டிவிடுமாம். நாற்றத்துக்கு மட்டும்தான் பயந்தார், பாவம்.

ஒருநாள் காய்ச்சலோடு வந்தார். கண் சிவந்து, ஈறில் ரத்தம் கசிந்தது. அதே அறையில் அள்ளிய இன்னொருவர் அதற்குள் இறந்திருந்தார். வவ்வாலிடமிருந்து தொற்றும் ஆட்கொல்லிக் காய்ச்சல் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தனிக் கொட்டகையில் படுக்கவைத்தார்கள்.

வேலியோரம் நின்று அழுத மனைவியிடம் நர்ஸ் சொன்னாள்: “தண்ணி குடுக்கக்கூட ஆள் பத்தலைம்மா. வர்றதுன்னா வா. ஆனா வந்துட்டா, எல்லாம் முடியற வரைக்கும் வெளியே விடமாட்டோம்.”

அவள் குழந்தையைத் தம்பி கையில் கொடுத்தாள். “பாத்துக்கடா.”

“அக்கா, இன்னும் பால்குடி மறக்கலையே!”

கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே அவள் நர்ஸ் நீட்டிய பாதுகாப்பு உடுப்பை மாட்டினாள். கம்பிவலை ஜன்னலைப் பிடித்தபடி அவர் எழுந்து பார்த்தார்.

“வவ்வால் கடிச்ச பழத்தையே தொடாதேங்கறாங்க. இவ வவ்வாலோட குடித்தனம் நடத்த வந்துட்டா” என்று சிரிக்கப் பார்த்தார். இருமல் பிடித்துக்கொண்டது.

“ஒரு வாய் தண்ணியாவது என் கையால குடிங்க.”

அப்போது தம்பியின் தோளில் குழந்தை வீறிட்டது. அவர் முகம் மாறிப்போனது. கட்டிய நாள்முதல் அவளிடம் குரல் உயர்த்தாதவர், அன்றைக்குத்தான் கத்தினார். அவள் அவரைக் கடைசியாகப் பார்த்ததும் அன்றைக்குத்தான்.

“கேக்குதில்ல? பசிக்கு அழுவுது. எனக்குத் தண்ணி குடுக்கக் கடவுள் யாரையாவது அனுப்புவான். அதுக்குப் பால் குடுக்க உன்னை விட்டா ஆள் கிடையாது. உடுப்பைக் கழட்டிப் போட்டுட்டுப் போடி. உள்ளே காலை வச்சே, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன்.”