கண் மூடாத ஆயாம்மா

கிணத்துக்கடவு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆறு மாதம் டீச்சராக இருந்தேன். அங்கே காலைப் பிரார்த்தனைக்குக் கண்ணை மூடாதவர் ஒருவர்தான், பெருக்கித் துடைக்கும் ஆயாம்மா.

ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. கொடிக்கம்பத்தை ஒட்டி, ஒன்றாம் வகுப்பு வரிசைக்குப் பக்கத்தில் நிற்பார். பாட்டின் நடுவே கண் திறக்கும் பிள்ளையைத் தலைமையாசிரியர் வெயிலில் நிறுத்துவார். ஆயாம்மாவை மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஏனுங்க ஆயாம்மா, உங்களுக்கு சாமி நம்பிக்கை இல்லீங்களா?”

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

“போன வருசம் ஒண்ணாவதுல ஒரு அம்மணி, காச்சலோட வந்துச்சுங்க டீச்சர். மில்லுக்குப் போற அவசரத்துல அவங்கம்மா, ‘பாத்துக்கங்க’ன்னு என் கையில புடிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. பாட்டு நடக்கறப்ப உழுந்து, இந்தக் கொடிக்கம்பத்துத் திண்டுல மண்டை அடிச்சுப்போட்டுச்சு. சத்தம் கேட்டுச்சுங்க. ஆரோ பையப் போட்டுட்டாங்கன்னு நெனச்சோம். பாட்டு முடிஞ்சுதான் எல்லாரும் கண்ணத் தொறந்தோம்.”

“புள்ளைக்கு?”

“ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிருச்சுங்க.”

“நீங்க என்னங்க பண்ணுவீங்க? சாமி கும்புட்டுட்டுத்தானே இருந்தீங்க” என்றேன்.

“ஆமாங்க. அந்தப் புள்ளைக்குக் காச்சல் எறங்கோணும்னுதானுங்க கும்புட்டுட்டு இருந்தேன்.”

மறுநாள் மணி அடித்ததும் வழக்கம்போல் கைகூப்பி நின்றேன். எதைக் கேட்பதென்று தெரியவில்லை.