தேவசகாயம் சார் திருத்தாத பக்கம்

தேவசகாயம் சார் நேற்று மதியம் இறந்துபோனார். இன்று அடக்கம். கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து, குளித்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை அழித்தேன்... எழுதிவிடுகிறேன்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில், கணிதத் துறையில், எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மேஜை. ஓய்வுக்குப் பிறகும் சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் வரை ஒன்றாகத்தான் நடப்போம்.

கம்ப்யூட்டர் லேப் அவர் பொறுப்பில் இருந்தது. எந்தப் புது சாஃப்ட்வேர் வந்தாலும், விடை தெரிந்த ஒரு கணக்கை முதலில் கொடுத்துப் பார்ப்பார். அதற்கு அவர் வைத்த பெயர், ஊர் கேட்கிறது.

"பஸ்ஸுல ஒருத்தன் பக்கத்துல வந்து உக்காந்தா எந்த ஊருன்னு கேக்கமா இல்லையா? இதுகிட்டயும் கேட்டுட்டுத்தான் வே பேசணும்" என்பார்.

காரணம் உண்டு. ஒரு புள்ளி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கேட்க ஒரு ஃபங்ஷன். ஸ்ப்ரெட்ஷீட்டில் அதற்கு x முதலில், y பிறகு. ப்ரோகிராம் எழுதும்போது y முதலில். பெயர் மட்டும் ஒன்றே. மாற்றிக் கொடுத்தால் எர்ரர்கூட வராது... தப்பான விடை தைரியமாக வந்து நிற்கும்.

பிள்ளைகள் மாற்றிப் போட்டுவிட்டு, வடக்கே போகவேண்டிய கோடு கிழக்கே போகிறதே என்று முழிக்கும். "திருவேங்கடம் பஸ்ஸுல ஏறிட்டுத் தென்காசியத் தேடுத, மக்கா" என்பார். திட்டு அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவரைக் கடைசியில் அடித்ததும் இதே விஷயம்தான்.

பட்டம் இல்லாமல் துறைத்தலைவர் ஆக முடியாது என்று கல்லூரியில் சொன்னதால், ஐம்பது வயதுக்கு மேல் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தார். ஊசல் பற்றிய ஆய்வு. அகலமாக வீசி ஆடும் ஊசல் ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணக்கிட ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதன் மதிப்புகள் ஆய்வேட்டில் ஒரு பக்க அட்டவணையாக இருந்தன.

வெளியூர் மதிப்பீட்டாளர் அந்தப் பக்கம் முழுக்கத் தப்பு என்று எழுதிவிட்டார். 0.5-க்கு சார் போட்டிருந்தது 1.6858. மதிப்பீட்டாளரின் சாஃப்ட்வேரில் வந்தது 1.8541.

சாருடைய சாஃப்ட்வேர், கொடுத்த எண்ணைத் தானே வர்க்கப்படுத்திக்கொள்ளும். மதிப்பீட்டாளருடையது, வர்க்கப்படுத்தித்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். 0.5-க்குப் பதில் 0.25 கொடுத்திருந்தால் அதுவும் 1.6858 என்றுதான் சொல்லியிருக்கும்.

இரண்டு கம்பெனியும் தன் தன் வழக்கத்தைக் கையேட்டில் எழுதித்தான் வைத்திருந்தன. யார் படிக்கிறார்கள்...

சார் விளக்கம் அனுப்பினார். ஒரு வரியில் பதில் வந்தது. சரிபார்த்தாகிவிட்டது, திருத்தவும்.

லேபில் ஃபேன் கொக்கியில் கயிறு கட்டி ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டார். அட்டவணையில் 0.5 என்பது அறுபது டிகிரி ஆட்டத்துக்கான வரி. குண்டை அவ்வளவு இழுத்துவிட்டு ஸ்டாப்வாட்சைப் பார்த்தால், எந்த எண் சரி என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

அவருடைய நெறியாளரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "தொட்டில் கட்டியாச்சு... பிள்ள எப்பம் வே?" என்று கேட்டுவிட்டுப் போனார். லேபில் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பேப்பரில் கையாலேயே போட்டுப் பார்த்தேன். 1.6858. என் கணக்கின் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம். வீட்டுக்குப் போய் மறுபடி போட்டேன். அதே 1.6858.

அந்தப் பேப்பரை நெறியாளரிடம் கொடுத்தேன். ரெண்டு பேரும் பக்கத்து மேஜை, வேறு எப்படிச் சொல்லுவீர் என்றார். பிறகு சார் பக்கம் திரும்பி, "ஒரு பக்கம்தான வே. அவரு சொன்ன எண்ணப் போட்டுக் குடுத்திரும். பட்டம் வாங்கின பொறவு அத யாரு தொறந்து பாக்கப் போறா?" என்றார்.

"சரியா இருக்கத எப்படி சார் திருத்த?" என்று கேட்டார் தேவசகாயம் சார்.

அந்தப் பக்கத்தை அவர் திருத்திக் கொடுக்கவே இல்லை. பட்டமும் வரவில்லை.

அவரிடம் படித்த பையன் துறைத்தலைவராக வந்தார். அந்தப் பையன் முன்னால் லீவுக்கு நின்று, அப்படியே ஓய்வும் பெற்றார் சார்.

இன்று காலை போனால், அவர் தெரு முனையில் கல்லூரி சார்பில் ஃப்ளெக்ஸ். சிரித்த முகம். அதன் கீழே பெரிய எழுத்தில் ‘முனைவர் தேவசகாயம்’.

அவர் மனைவி எஸ்தர் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். கண்ணில் தண்ணீர் இல்லை.

"அண்ணாச்சி, அந்தப் பட்டத்த எடுக்கச் சொல்லுங்க. திருத்திக் குடுத்து வாங்கிட்டாகன்னுல்லா ஊரு நினைக்கும்."

துறைத்தலைவரிடம் போனேன். டீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

"மரியாதைக்குத்தான சார் போட்டோம். இந்த நேரத்துல போயி எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்று என் தோளைத் தட்டினார்.

நான் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகியவன் இல்லை. அங்கேயே நின்றேன். பெட்டி அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேதான் போனது.

இப்போது அதைப் படம் எடுத்துப் போட்டு, முனைவர் ஐயாவுக்கு அஞ்சலி என்று பகிர்கிறார்கள். நம் பழைய மாணவர்களும்தான்.

பகிர்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் முனைவர் இல்லை. தேவசகாயம், எம்.எஸ்சி., எம்.ஃபில். அந்தப் பக்கத்தை அவர் திருத்திக் கொடுக்கவில்லை.

தயவுசெய்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். எஸ்தர் டீச்சர் பார்ப்பார்.

போயிட்டு வாரும் வே. போற எடத்துல முதல்ல ஊரு கேட்டுக்கிடும்.