ஆபரேட்டருக்குக் கேட்ட சத்தம்

கண் தெரியாத ஒருவர் மேடையேறித் தன் கண்ணைப் பற்றியே கேலி பேசினால், நீங்கள் வாய்விட்டுச் சிரிப்பீர்களா? இல்லை, பக்கத்து நாற்காலிக்காரர் சிரிக்கிறாரா என்று முதலில் ஓரக்கண்ணால் பார்ப்பீர்களா?

பெரும்பாலோர் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆபரேட்டர் அதைக் காதாலேயே பிடித்துவிடுவார். ஜோக் விழுந்ததும் முதலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிடும், அப்புறம்தான் சிரிப்பு வரும். "பக்கத்துல அனுமதி வாங்கிட்டீங்களா? சரி, இப்ப சிரிங்க" என்பார்.

அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, அதற்கு ஜன்னல் இல்லை. "இவனுக்கு எதுக்கு ஜன்னல்னு யோசிச்சிருப்பாங்க. காத்துக்குக் கண்ணு வேணுமா என்ன?" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவரை மேடைக்கு இழுத்துவிட்டது ஒரு தவறான இணைப்பு. பிரசவ வார்டு கேட்ட ஒருவரைப் பிணவறைக்குப் போட்டுவிட்டார். அந்த மனிதர் மறுபடி கூப்பிட்டு, "உனக்கென்னய்யா, கண்ணு தெரியலையா?" என்று கத்தினார்.

"தெரியாதுங்க" என்றார் ஆபரேட்டர். "பொறந்ததுலேர்ந்தே."

பிறகு அவரே தொடர்ந்தார். "பரவாயில்லைங்க. எல்லாரும் கடைசியில போற இடம்தான். நீங்க கொஞ்சம் முன்னாடியே விசாரிச்சுட்டீங்க."

அந்த ஆள் சிரித்தார். இரக்கப்பட்டுச் சிரிக்கவில்லை, வயிறு குலுங்கச் சிரித்தார். அதுவரை எல்லோரும் ஆபரேட்டரிடம் பரிதாபப்பட்டுத்தான் பேசியிருந்தார்கள். பரிதாபம் என்பது பஞ்சு மெத்தை போட்ட சிறை. முதல்முறையாக ஒருவர் அதன் கதவைத் திறந்துவிட்டது போலிருந்தது.

தேநீர்க்கடை ஒன்றின் மாடியில் ஞாயிறு மாலைகளில் ஸ்டாண்ட்-அப் காமெடி நடக்கும். யார் வேண்டுமானாலும் மைக் பிடிக்கலாம். ஆபரேட்டர் பிடித்தார்.

"போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேன்னு கேக்குறாங்க. ஞாபகமில்லைங்க. ஆனா தண்டனையோட அளவைப் பாத்தா, செமையா அனுபவிச்சிருப்பேன்னு தோணுது." முதலிரவையும் விடவில்லை. "விளக்கை அணைச்சது அவதான். வெக்கமாம். நான் கேட்டேன், யாரைப் பாத்தும்மா வெக்கம்? இந்த ரூம்ல பாக்குற ஆளு நீ ஒருத்திதானே."

கடை மாடி இடிந்து விழாத குறை. ஆனால் யாரோ எடுத்த வீடியோ ஊர்சுற்றியதும் வேறுவிதமாக இடிந்தது. தெய்வ குற்றம் என்றார்கள் சிலர். ஊனத்தை விற்றுப் பிழைக்கிறான் என்றார்கள் வேறு சிலர். அதே மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யும் அவர் மனைவியிடம் சித்தி ஒருத்தி வந்து, "படுக்கையறையைச் சந்தியில வச்சுட்டாரே, உனக்கு மானமா இல்லையாடி?" என்று கேட்டாள்.

"விளக்கை அணைச்சது நான்தான் சித்தி. அந்த ஜோக்குல பாதி என்னோடது" என்றாள் மனைவி.

ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எதையும் தொடலாம் என்ற பெயரில் கறுத்த தோலையும் பருத்த உடம்பையும் வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் நக்கலடித்துவிட்டு, துணிச்சல் என்று மார் தட்டுகிறவர்கள் உண்டு. அது துணிச்சல் அல்ல, எளியவர் முதுகில் ஏறிச் சவாரி செய்வது. ஆனால் தன்மேல் சுமத்தப்பட்ட பாவத்தை ஒருவன் தானே தூக்கிப் போட்டு உதைக்கும்போதும் அதே கூச்சல் எழுகிறதே, அதுதான் அநியாயம்.

கூச்சலுக்குத் தலைமை தாங்கியவர் மாற்றுத் திறனாளிகள் நலச்சங்கத் தலைவர். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கண், காது, கை, கால் எல்லாம் நன்றாக இருப்பவர். தேநீர்க்கடைக்காரரிடம் போய், "எங்க ஆளுங்க மனசு புண்பட்டுக் கிடக்கு. இவரை இனிமே ஏத்தாதீங்க" என்றார். கடைக்காரர் கையைப் பிசைந்தார்.

ஆபரேட்டருக்குச் சித்தியின் பேச்சு உறைக்கவில்லை, இது உறைத்தது. தலைவரையே தேடிப் போனார். "தலைவரே, உங்க ஆளுங்கன்னா அது நானும்தான். அவங்க முன்னாடியே பேசுறேன். அவங்க வேண்டாம்னா அன்னைக்கே மைக்கை வச்சுடறேன். இது சத்தியம்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டீங்களே. நிஜமாவே விட்டுடுவீங்களா?"

"அவங்களே வலிக்குதுன்னா, அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை?"

அடுத்த ஞாயிறு, சங்கத்தின் கூடம். பழைய மரத்தரை. ஆபரேட்டர் பேசத் தொடங்கினார். வலப்பக்கம் பட்டென்று சிரித்தது. இடப்பக்கம் ஒரு மூச்சு தள்ளித்தான் சிரிப்பு வந்தது. பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டம் போல என்று நினைத்துக்கொண்டார். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. தலைவருக்கு அது தோன்றவே இல்லை.

வழக்கமான ஹோட்டல் ஜோக் வந்தது. "சர்வர் என் பொண்டாட்டியைக் கேக்குறாரு, 'சாருக்குச் சர்க்கரை போடலாமா?' நான் பக்கத்துலதான் இருக்கேன். நானும் பொண்டாட்டியைக் கேட்டேன். 'ஏம்மா, இந்தத் தம்பிக்குக் காது கேக்குமா? விசாரிச்சுச் சொல்லு.'"

வலப்பக்கம் அமைதியானது. ஒரு மூச்சு கழித்து இடப்பக்கத்திலிருந்து தடதடவென்று தரை அதிர்ந்தது. கால்கள் உதைக்கும் சத்தம்.

"போதும் தம்பி" என்று தலைவரின் குரல். "காது கேக்காதவங்களை உக்கார வச்சுக்கிட்டே பேசுற பேச்சா இது?"

ஆபரேட்டருக்கு அப்போதுதான் விளங்கியது. எத்தனையோ முறை சொன்ன ஜோக், இதுவரை யாருக்கும் குத்தாத கடைசி வரி. இன்று அவரே இன்னொருவர் குறையை எடுத்து வசைபோல வீசியிருக்கிறார்.

"மன்னிச்சுக்கங்க" என்றார். "நான் சொன்ன சொல் சொன்னதுதான்." மைக்கைத் தாங்கியில் மாட்டக் கை துழாவியது.

"சார், வைக்காதீங்க." பக்கத்தில் ஒரு பெண் குரல். இடப்பக்கத்தாருக்கு அவர் பேச்சைக் கையால் சொல்லிக்கொண்டிருந்த சைகை மொழி டீச்சர். "அது கைதட்டல் சார். கையை மேல தூக்கி ஆட்டுறாங்க. உங்களுக்குத் தெரியாதேன்னு தரையில உதைச்சுக் காட்டுறாங்க."

இடப்பக்கத்திலிருந்து யாரோ எழுந்து வந்தார்கள். தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண். அவள் கைகள் பேச, டீச்சர் குரல் கொடுத்தார். "நீங்க வந்ததுலேர்ந்து உங்க எதிர்லயே உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க. உங்களுக்குத் தெரியலை, எங்களுக்கு வசதியாப் போச்சு."

கூடமே வெடித்தது. ஆபரேட்டரும் பொத்தானைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். பிறகு கேட்டார். "அந்தக் கடைசி வரி குத்தலையா அக்கா?"

"கொஞ்சம் குத்துச்சு. ஆனா டாக்டர் என் வயித்துவலியை என் தங்கச்சிகிட்டதான் கேக்குறாரு. அதைவிட இது தேவலை. சர்வருக்குப் பதிலா அந்த டாக்டரைப் போடுங்க. இல்லேன்னா மைக்கை எங்கிட்டக் குடுங்க, நானே சொல்றேன்."

எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. பள்ளியில் பாட்டு சொல்லித்தரும் பார்வையற்ற வாத்தியார் எழுந்தார். "அந்தப் பாவ ஜோக் எனக்குப் பிடிக்கலை. எங்கம்மா சாகுற வரைக்கும் தன் பாவம்தான் எம்மேல இறங்குச்சுன்னு அழுதாங்க."

"எங்கம்மாவும் அப்படித்தான் அழுதாங்க சார்" என்றார் ஆபரேட்டர். "அவங்களை அப்படி அழவச்சவங்களைப் பாத்துத்தான் சிரிக்கிறேன்."

வாத்தியார் நின்றபடியே சொன்னார். "அப்ப அதையும் சேத்துச் சொல்லுய்யா. பாதியைச் சொன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

தலைவர் தொண்டையைக் கனைத்து, "ஏற்கெனவே முடிவு..." என்று ஆரம்பித்தார். யாருடைய முடிவு என்று சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் கேட்டார். தலைவர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். மைக்கை வைக்கச் சொல்லி அன்று ஒருவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு தேநீர்க்கடை மாடியில் தையற்கடை அக்காவும் ஏறுகிறாள். அவள் கைகள் பேசும், டீச்சர் குரல் கொடுப்பார். சிமெண்டுத் தரையில் அதிர்வு தெரியாது என்று கடைக்காரரே பலகை வாங்கிப் போட்டுவிட்டார். ஆபரேட்டர் இப்போது அம்மாவின் அழுகையையும் சொல்கிறார். அந்த இடத்தில் கூட்டம் சிரிக்காது. அடுத்த வரியில் இரண்டு மடங்காகச் சிரிக்கும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மாடி இருக்கும். ஒருமுறை போய் முன்வரிசையில் உட்காருங்கள். யாருக்காகவோ கோபப்பட்டு எழத் தோன்றினால், அந்த ஆளைத் தேடிப் பிடித்து, அவரிடமே கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.