கன்னிமார் பாறைப் பக்கம் கேட்ட குதிக்கும் சத்தம்

பெற்ற பிள்ளையைத் தொலைத்தாலே நெஞ்சு தாங்காது. நான் தொலைத்தது இன்னொருத்தி பெற்ற பிள்ளையை. அதை அந்தக் கன்னிமார் எனக்கு எப்படித் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் என் நாக்கு அழுகிப் போகும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த புரட்டாசி மாதம் அது. சின்னசேலம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு டீச்சர். என் வாலிபால் பிள்ளைகளுக்குக் கையில் பலம் ஜாஸ்தி, காலில் துள்ளல் கம்மி. வலைக்கு மேலே கை போனால்தானே பந்தை அடிக்க முடியும்? அதனால் குதிப் பயிற்சி ஆரம்பித்தேன். பெஞ்சிலிருந்து கீழே குதிக்க வேண்டும். கால் தரையைத் தொட்ட மாத்திரத்தில் மறுபடி மேலே எம்ப வேண்டும். இறங்கும்போது சத்தமே வரக்கூடாது. தொப்பென்று விழுந்தால் முட்டி போய்விடும். சத்தம் கேட்டால் திட்டித் தீர்த்துவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கலவரத்தால் பள்ளியை மூடிவிட்டார்கள். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. மலை மேலே கரியாலூரில் பொன்னம்மா என்று ஒரு மலைக்காரப் பெண். அவள் மகள் என்னிடம் படித்தவள். அவர்கள் வீட்டில் தங்கிப் பழகலாம் என்று ஆறு பிள்ளைகளை அழைத்துப் போனேன். பஸ் ஏற்றும்போது அவர்களில் ஒருத்தியான செல்வியின் அம்மா சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள நம்பித்தான் அனுப்புறேன் டீச்சர். எனக்கு இவ ஒருத்திதான்."

நாங்கள் மேலே போன மறுநாளே போராட்டக்காரர்கள் கீழே சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் ஓடுவது நின்றது.

பொன்னம்மா வீட்டுக்குப் பின்னால் சாமை அடிக்கும் பாறைக்களம். அதைத் தாண்டிச் சரிவு. சரிவின் ஓரத்தில், ஓடைக்கு மேலே, மஞ்சள் பூசிய ஏழு கற்கள். அதுதான் கன்னிமார் இடம்; மலைக்காரர்கள் அந்த ஏழு தெய்வங்களையும் தாய்மார் என்பார்கள். ஒரு மத்தியானம் களத்தில் குதித்துக்கொண்டிருந்தபோது மூடுபனி இறங்கியது. பந்து சரிவில் உருண்டது. செல்வி எடுக்கப் போனாள். திரும்பி வரவில்லை.

"செல்வீ!" என்று கத்தினேன்.

"வந்துட்டேன் டீச்சர்" என்று ஓடைப் பக்கமிருந்து பதில் வந்தது. ஓடினேன். ஒருவரும் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். "வந்துட்டேன் டீச்சர்." இப்போது எனக்குப் பின்னால், மேட்டிலிருந்து. அதே குரல். மூன்றாம் முறை என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

பொன்னம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.

"பேரச் சொல்லாதீங்கம்மா! இந்த எடத்துல பேரு சொல்லிக் கூப்புட்டா வேற ஏதோ பதில் குடுக்கும். புள்ள அது பின்னாடியே போயிடும்."

அவள் புருஷனும் நாலைந்து ஆட்களும் வாய் திறக்காமல் சரிவில் இறங்கினார்கள். போலீசுக்குச் சொல்ல வழியில்லை. மற்ற பிள்ளைகளைக் களத்தில் உட்கார வைத்து, ஒருத்தி கையை ஒருத்தி விடக்கூடாது என்றேன். அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

நான் அந்தக் கற்களுக்கு முன்னால் விழுந்தேன். பரீட்சைக்கு மட்டும் சாமி கும்பிடுகிற ஜாதி நான். அன்றைக்கு வேறு கதி இல்லை. "தாய்மாரே, என் வாயைக் கட்டிவிட்டீர்கள். நான் எப்படிக் கூப்பிடுவேன்? நீங்களே கூப்பிடுங்கள். சரோஜா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?" திரும்பத் திரும்ப இதையே சொன்னேன். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பூச்சி கூடக் கத்தவில்லை.

பொழுது சாய்வதற்கு முன், பனிக்குள்ளிருந்து செல்வி ஏறி வந்தாள். இடுப்பில் பந்து. ஒரு காலில்தான் செருப்பு.

"எங்கடி போன?"

"பள்ளத்துல சறுக்கிட்டேன் டீச்சர். வழியே தெரியல. அப்பறம் நீங்கல்லாம் குதிக்கிற சத்தம் கேட்டுச்சு. அதப் புடிச்சிக்கினே ஏறி வந்தேன்."

"நான் கூப்புட்டது கேக்கலையா?"

"இல்லியே."

"நீ பதில் சொன்னியே?"

"நான் வாயே தொறக்கல டீச்சர்." அவள் களத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு இன்னா எல்லாரும் இப்படித் தொப்பு தொப்புனு குதிக்கிறாங்க, டீச்சர் திட்டப் போறாங்கன்னு நெனச்சிக்கினே வந்தேன். ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஏழு பேரு. நீங்களும் பொன்னம்மாக்காவும் சேந்து குதிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

பிள்ளைகள் பிடித்த கையை விடவேயில்லை. மத்தியானத்திலிருந்து ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. பொன்னம்மா அப்படியே கற்கள் பக்கம் திரும்பிச் சாஷ்டாங்கமாக விழுந்தாள்.

தேடப் போனவர்கள் அந்த இன்னொரு செருப்போடு வந்தார்கள். அது கிடந்த இடத்துக்கு அப்பால் தரையே இல்லையாம். நான் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மரங்களை அகற்றியதும் செல்வியைக் கையில் பிடித்தபடி எல்லாரையும் கீழே கொண்டு வந்தேன். சரோஜாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் மகளின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "எங்க வூட்டுப் பொண்ணுங்க இனிமே எட்டுப் பேரு டீச்சர்" என்றாள்.

அந்தப் போட்டி கடைசிவரை நடக்கவில்லை. நடந்திருந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன? வருஷா வருஷம் புரட்டாசியில் மஞ்சளும் ரவிக்கைத் துணியும் எடுத்துக்கொண்டு சரோஜாவும் நானும் மலை ஏறுகிறோம். பிள்ளைகளைத் திட்டும் வழக்கம் என்னை விட்டுப் போய்விட்டது.

உங்கள் பிள்ளையும் உங்கள் குரல் எட்டாத எங்கேயோ நின்றுகொண்டிருக்கலாம். தொண்டை கிழியக் கத்தி ஓய்ந்திருப்பீர்கள். போதும், நிறுத்துங்கள். கன்னிமாரிடம் விட்டுவிடுங்கள். பிள்ளை எதைக் கேட்டால் திரும்புமோ, அது அந்தத் தாய்மாருக்குத் தெரியும்.