மாஸ்டர் என் வாயில் வைத்த தாலாட்டு

சுனாமியில் கடல் வந்து நிக்கோபாரின் காட்சால் தீவில் எங்கள் வீட்டையும் என் மூத்த மகளையும் கொண்டுபோன பிறகு, போர்ட் பிளேரில் ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தோம். ஒரு மழைநாளில் பக்கத்துத் தடுப்பில் இருந்த வங்காளத்துக்காரி, "தீதி, ஏக் கானா சுனாவ் நா" என்று ஒரு பாட்டுக்குக் கெஞ்சினாள். வாயைத் திறந்தேன். மகளைத் தூங்கவைத்த தாலாட்டுத்தான் வந்தது. இரண்டு அடியோடு நின்றுபோனது.

அது, காட்சாலுக்கு வருமுன் நான் சின்னப் பிள்ளையாய் இருந்த சிலோன் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு மாஸ்டர் கட்டியது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் குரலில் என்னை மிஞ்ச எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? மாஸ்டருக்குக் கண்ணில் பூ விழுந்து எழுத்து போய்விட்டது. ஞாபகமும் தடுமாறிப்போனது. என்னை என் அக்கா பேர் சொல்லிக் கூப்பிடுவார், நாங்கள் சிரிப்போம். மறந்துபோகும் என்று, தான் கட்டிய பாட்டுகளை ஆளுக்கொன்றாக எங்கள் வாயில் போட்டு வைத்திருந்தார். என்னிடம் வைத்தது, சின்னதிலேயே செத்துப்போன தன் மகளுக்குப் பாடிய தாலாட்டு. தினமும் என்னைப் பாடச் சொல்லி, விக்டோரியா ராணி காலத்தது என்று பீற்றிக்கொள்ளும் ஆர்கன் பெட்டியைக் காலால் மிதித்துக் கூடவே வாசிப்பார்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வரும் பள்ளிக்கூட விழாவில் தனியாகப் பாட, ஆபீஸ் கிளாக்கர் மகளை நிறுத்தினார்கள். என்னிடம் வெள்ளைச் சட்டை இல்லையாம். மாஸ்டரும் பேசாமல் இருந்துவிட்டார்.

மறுநாள் கூப்பிட்டார். "வா புள்ள, நம்ம தாலாட்ட எடு."

"மறந்திருச்சு மாஸ்டர்."

"வெளையாடாத. தொடக்கத்த மட்டும் எடுத்துக் குடு, மிச்சத்த நான் புடிச்சுக்கிறேன்."

"தெரியல."

"வாயாடிக்கு வாய் பூட்டிக்கிச்சு!" என்று பின்னாலிருந்து கிளாக்கர் மகள் சிரித்தாள். என் உதடு இன்னும் இறுகியது.

மாஸ்டர் திட்டவில்லை. பெட்டியில் ஒரு கட்டையை அமுக்கினார். தலையை ஆட்டிவிட்டு இன்னொன்றை அமுக்கினார். மணியடித்து நாங்கள் ஓடிய பிறகும் லயம்வரை அந்தச் சத்தம் கேட்டது, பாட்டாகாமலே.

ஒருநாள் தவிக்கட்டும், நாளைக்குப் பாடலாம் என்றிருந்தேன். விடிந்ததும் அப்பா பள்ளிக்கூடம் போதும் என்று என்னைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார். அடுத்த மழைக்குள் மாஸ்டர் போய்ச் சேர்ந்தார்.

கொட்டகையில் என் தாலாட்டு இரண்டு அடியோடு நின்ற அன்றுவரை, அந்தக் கட்டைகளில் அவர் தேடியது வெறும் பாட்டை என்றே நான் நினைத்திருந்தேன்.